மணி கேட்கும் மட்டும்

என் அத்தை புல்லுக்காட்டைக் குத்தகைக்குப் பிடித்த வருஷம், நான் நாலாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிவிட்டு விடுதியிலிருந்து ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதனால் லீவுக்கு வரும்போதெல்லாம் உலகத்தை வீட்டுக்கு விளக்கிச் சொல்கிற பொறுப்பு என் தலையில் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். மழை எப்படி வருகிறது, பேய் ஏன் கிடையாது, சோப்புப் போட்டு ஏன் கை கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்பா முழுவதையும் பொறுமையாகக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டு, "செரி கண்ணு, அந்த வெறகை எடுத்து உள்ள போடு" என்பார்.

அந்த லீவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தபோது, வாசல் நிறைய மாடுகள் நின்றன. சின்னதும் பெரியதுமாக ஏழு. அவற்றுக்கு நடுவில் அத்தை நின்றாள்.

அத்தை அப்பாவின் தங்கை. தேவனூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்ததை நாடு என்போம். அந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை என்று கிளம்பி வந்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் இதை யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. பிடிக்காத இடத்திலிருந்து பெண் திரும்பி வரலாம், பிறகு வேறு ஒருவரைக் கட்டிக்கொள்ளவும் செய்யலாம். மனிதர்களைப் பிரிப்பதில் சிக்கல் இல்லை. மாடுகளைப் பிரிப்பதில்தான் சிக்கல். கல்யாணத்தின்போது அப்பா இரண்டு கிடாரிகளை அத்தையோடு ஓட்டிவிட்டிருந்தார். அவைதான் பெருகி ஏழாகியிருந்தன. "எங்க புல்லைத் தின்னு வளந்த மாடு, எங்களுக்குத்தான்" என்றார்கள் தேவனூர்க்காரர்கள். "அதுகளோட ஆத்தாளுக எங்கூட நடந்து வந்ததுங்க" என்றாள் அத்தை. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். இந்தக் கோடை முழுவதும், மழை பிடிக்கும்வரை, அண்ணன் நிலத்தை நம்பாமல், அடுத்தவர் வெள்ளாமையில் வாய் வைக்க விடாமல் மாடுகளை அவளே மேய்த்துக் காட்ட வேண்டும். காட்டினால் மாடுகள் அவளுடையவை. முடியவில்லை என்றால் ஏழும் தேவனூருக்குத் திரும்ப வேண்டும்.

அப்பாவின் நிலத்தை நம்புவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவும் இல்லை. பள்ளத்தில் கொஞ்சம் நெல்வயல், மேட்டில் கொஞ்சம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. புல் என்று சொல்லிக்கொள்ள வரப்புதான். வந்த மறுநாளே அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"கண்ணு, உனக்குத் தொண்டை நல்லாப் பெருசுதானே?"

"வகுப்புல நான்தான் அத்தை உறுதிமொழி சொல்லுவேன்."

"அப்பச் செரி. வா, ஓடைக்கு அந்தப் பக்கம் போயிட்டு வரலாம்."

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மாமா இருந்தார். நேரடிச் சொந்தம் இல்லை, முறைக்கு மாமா. பெண்சாதி இறந்துபோய்ப் பல வருஷமாகத் தனியாள். வீட்டைச் சுற்றிப் பலா மரங்கள், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடிகள், முன்னால் சாமைக்காடு. வீட்டுக்குப் பின்னாலிருந்து மலையின் தோள்வரை ஏறிப் போகிற புல்லுக்காடும் அவருடையதுதான். தோளுக்கு அப்பால் இறங்கினால் ஊற்றுப் பள்ளம். எந்தக் கோடையிலும் பச்சை மாறாத இடம். மாடு வைத்துக்கொள்ளாததால், வருஷாவருஷம் கோடையில் அடிவாரத்துக் கீழ்நாட்டிலிருந்து மந்தை ஓட்டி வருகிற ஒருவருக்குக் குத்தகைக்கு விடுவார்.

மாமாவுக்குக் காது மந்தம். வயசுக் காலத்தில் கீழே கிணறு வெட்டப் போன இடத்தில் வெடி பக்கத்திலேயே வெடித்துவிட்டதாம். எதிரில் நின்று கத்தினால் கேட்கும். பக்கவாட்டில் நின்று பேசினால் நம்மைப் பார்த்து அழகாகச் சிரிப்பார், அவ்வளவுதான்.

புருஷன் வீட்டிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆன பெண், தனியாள் ஒருவரோடு நேருக்கு நேர் நின்று பேசினால் ஊர் நாலு விதமாகப் பேசும். பேசுகிற ஊருக்கும் வேலை கொடுக்காமல், தன் வேலையும் முடியத்தான் அத்தை என் தொண்டையை அழைத்துப் போயிருந்தாள். அவள் பலா மரத்தடியில் நின்றுகொண்டாள். மாமா வாசற்படியில் உட்கார்ந்து மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையில் நான்.

"புல்லுக்காட்டைக் கோடைக்குக் குத்தகைக்குக் குடுப்பாங்களான்னு கேளு, கண்ணு."

கத்தினேன்.

"யாருக்காம்?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"எங்க அத்தைக்கு!"

"ஆங்?"

"அத்தைக்கு!"

ஓடைக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் இருந்த அம்மாவுக்குக்கூட அது கேட்டிருக்கிறது. மாமா மிளகைக் கீழே வைத்தார்.

"குத்தகைக்கு என்ன குடுக்கறாங்களாம்?"

அத்தை மெதுவாகச் சொல்ல, நான் துண்டு துண்டாகக் கத்தினேன். ராத்திரியில் மாடுகளையெல்லாம் மாமாவின் சாமைக்காட்டிலேயே பட்டி போட்டுக் கட்டுவாள். சாணியும் மூத்திரமும் நிலத்துக்கு. ஒரு மூலை உரமேறியதும் பட்டியை அடுத்த மூலைக்கு மாற்றுவாள். மழை பிடித்துச் சாமை விதைக்கும்போது காடு முழுவதும் உரம் ஏறியிருக்கும். அதுதான் குத்தகை. மாமா தலையை ஆட்டினார்.

"எதுவரைக்கும் மேய்க்கலாம்னு கேளு."

இதற்கு மாமா வாசற்படியிலிருந்து எழுந்தார். திரும்பிப் புல்லுக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சரிவில் கல்லும் கிடையாது, வேலியும் கிடையாது. பிறகு சொன்னார்.

"முன்னால போற மாட்டுக்கு மணி கட்டிக்கச் சொல்லு சாமி. நான் இங்க வாசல்ல நிப்பேன். மணி எங்காதுக்குக் கேக்கற மட்டும் மேய்ச்சுக்கட்டும்."

நான் திரும்பி, எல்லாவற்றையும் தன் காதாலேயே கேட்டுக்கொண்டு நின்ற அத்தையிடம் அதை மறுபடி சொன்னேன்.

"செரின்னு சொல்லு" என்றாள் அத்தை.

வீட்டில் அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "எவரு காதுக்கு? அவரு காதுக்கா? அவருக்கு மூக்கு மட்டுந்தான் கேக்கும்! இதுக்கு மாட்டைப் படலோட கட்டிப்போட்டு வெக்கலாமே, குத்தகை எதுக்கு?" அம்மா சிரித்த சிரிப்பில் களி கிண்டின துடுப்பு கையிலிருந்து நழுவியது. அத்தை மட்டும், "பாக்கலாம் அண்ணா" என்று சொல்லிவிட்டு மணிக்குக் கயிறு திரிக்க உட்கார்ந்தாள்.

எனக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது. மாமா பெரிய கஞ்சன். காட்டைக் கொடுத்த மாதிரியும் இருக்க வேண்டும், கொடுக்காத மாதிரியும் இருக்க வேண்டும் என்று தன் காதைக் கருவியாக வைத்து அத்தையை ஏமாற்றுகிறார். படித்தவன் என்ற முறையில் இதைக் கண்காணிப்பது என் கடமை என்று முடிவு செய்து, மறுநாளிலிருந்து அத்தையோடு மேய்ச்சலுக்குப் போனேன்.

அத்தை மாடு மேய்ப்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. மாடுகளுக்குப் பின்னால் நின்று அதட்டுகிற வழக்கமே அவளிடம் இல்லை. முன்னால் நடப்பாள். முன்மாடான செவலை அவள் புடவைத் தலைப்பை மோந்துகொண்டே வரும், மற்றவை செவலையின் மணியைத் தொடர்ந்து வரும். வெயில் ஏறுவதற்குள் ஓரத்துக் கரட்டுப் புல்லைத் தின்ன விடுவாள். நல்ல புல் இருக்கிற நடுக்காட்டைத் தொடவே விடமாட்டாள். "இன்னைக்கே நல்லதைத் தின்னுட்டா சித்திரையில கல்லைத்தான் நக்கோணும்" என்பாள், மாடுகளிடம். உண்ணிச்செடிப் புதர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எந்தக் கன்று ஒளியும் என்று அவளுக்குத் தெரியும். கிழக்கே பங்காளிகளின் குச்சிக்கிழங்குக் காடு இருந்தது. அந்தத் தழையைத் தின்றால் மாடு நுரை தள்ளிச் செத்துப்போகும், தின்று சாகாமல் பிழைத்தாலும் பஞ்சாயத்தில் ஏழும் போய்விடும். அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் அத்தை பேச்சை நிறுத்திவிடுவாள். நான் சூரிய மண்டலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால்கூட.

சாயங்காலம் மாடுகளைச் சாமைக்காட்டுப் பட்டிக்கு ஓட்டி வந்ததும் என் வேலை தொடங்கும். அத்தை பலா மரத்தடியில் நின்றுகொண்டு கண்ணைக் காட்டுவாள்.

"மாமா! இன்னைக்கி மணி கேட்டுதுங்களா?"

"கேட்டுது கண்ணு. நல்லாக் கேட்டுது."

முதல் நாள் நாங்கள் மேய்த்தது பலா மரங்களை ஒட்டி. அது யாருக்கும் கேட்கும். அடுத்தடுத்து வழுக்குப் பாறைவரை போனோம். கேட்டது. தோள்வரை ஏறினோம். அதுவும் கேட்டது. கடைசியில் ஒருநாள் அத்தை தோளைத் தாண்டி, ஊற்றுப் பள்ளத்துக்கே மாடுகளை இறக்கிவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. ஒலி காற்றில் பரவும், மலையைத் துளைத்துக்கொண்டு வராது என்று அவளுக்கு விளக்கினேன். அத்தை ஊற்றில் முகம் கழுவிக்கொண்டே, "அப்படியா? கேட்டுப் பாக்கலாம்" என்றாள்.

"இன்னைக்கி மணி கேட்டுதுங்களா மாமா?"

"கேட்டுது. இன்னைக்கித்தான் தெளிவாக் கேட்டுது."

இதைச் சும்மா விட முடியாது. மறுநாள் காய்ச்சல் அடிக்கிறது என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, நேராக மாமா வீட்டுக்குப் போய் அவர் பக்கத்தில் வாசலில் நின்றேன். வெயில் ஏறியது. அத்தையும் மாடுகளும் சின்னதாகித் தோளுக்கு அப்பால் மறைந்தார்கள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். சில்வண்டு கத்தியது. ஓக்கு மரத்தில் காற்று அடித்தது. வேறு ஒன்றும் இல்லை. மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தோளையே பார்த்து நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"கேக்குதுங்களா மாமா?" என்று எதிரில் போய்க் கத்தினேன்.

"கேக்குது, கேக்குது. நீ கத்தாத சாமி, நீ கத்தறதுல மணி கேக்க மாட்டேங்குது."

அன்று மாமாவைப் பற்றிய என் எண்ணம் அடியோடு மாறிவிட்டது. அவர் கஞ்சன் இல்லை. அபூர்வமான காது படைத்த மனிதர். வெடிச் சத்தத்தில் மனிதர் பேசுகிற ஒலி கேட்கும் பகுதி மட்டும் கெட்டுப்போய், மணி ஒலி கேட்கும் பகுதி பத்து மடங்கு கூர்மையாகியிருக்க வேண்டும். இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "அப்படித்தான் இருக்கும் கண்ணு" என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இனிக் கண்காணிக்க ஒன்றும் இல்லை என்று மேய்ச்சலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, சாயங்காலம் கத்துவதற்கு மட்டும் போனேன்.

சித்திரை வெயிலில் சரிவு முழுவதும் காய்ந்து பழுப்பேறிய சமயத்தில்தான் கீழ்நாட்டுக்காரர் மந்தையோடு ஏறி வந்தார். அடிவாரத்தில் சொந்த நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர். அந்த வருஷம் அங்கே கிணறெல்லாம் வற்றிவிட்டதாம். நாற்பது மாட்டுக்குக் குறையாது, எல்லாவற்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது. ஒவ்வொரு வருஷமும் எனக்குப் பொரி உருண்டை வாங்கி வருவார். இந்த முறையும் மறக்கவில்லை. அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் அவர் பேசியதைக் கேட்டேன்.

"ஏனுங்க, இப்படிப் பண்ணிப்போட்டீங்களே! வருசா வருசம் நானுங்களே வாரேன்?" என்று அவர் மாமாவுக்கு எதிரில் போய்க் கத்தினார். அவருக்கும் பழகின காதுதான்.

மாமா குத்தகை பேசிய விதத்தைச் சொன்னார். அவர் மலையின் தோளை நிமிர்ந்து பார்த்தார்.

"செரிங்க. பேசினது பேசினதாவே இருக்கட்டும். மணி கேக்கற காடு அந்த அம்மிணிக்கு. கேக்காத காட்டை எனக்குக் குடுத்துருங்க. தோளுக்கு அந்தப் பக்கம் ஊத்துப் பள்ளம், அங்கிருந்து எந்த மணிங்க இங்க கேக்கும்? நாயமான பேச்சுத்தானுங்களே?"

நியாயமான பேச்சுத்தான். அதுதான் கஷ்டம். நாற்பது மாடு இறங்கினால் ஊற்று ஒரே வாரத்தில் சேறாகிவிடும். இந்தப் பக்கச் சரிவில் தண்ணீர் சொட்டு இல்லை, இருந்த புல்லும் காய்ந்துவிட்டது. பள்ளம் போனால் அத்தையின் மாடுகளுக்குக் கோடை அத்தோடு முடிந்தது, தேவனூருக்கு ஓட்ட வேண்டியதுதான். அத்தை பலா மரத்தடியில் நின்றாள். என்னிடம் எதையும் சொல்லிக் கத்தச் சொல்லவில்லை. கீழ்நாட்டுக்காரரின் மெலிந்த மாடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் போனது. மறுநாள் காலையில் மாமா வாசலிலேயே எல்லாரும் நின்று கேட்டுப் பார்த்துவிடலாம் என்று அவர் சொல்லிவிட்டார். முன்மாட்டை ஊற்றுவரை ஓட்டிப் போக ஒரு ஆள் வேண்டும். "படிக்கற பையன், பொய் சொல்ல மாட்டான்" என்று கீழ்நாட்டுக்காரரே என்னைக் காட்டினார். செவலை ஊற்றில் நின்று மேயத் தொடங்கியதும் நான் தோளில் ஏறி, சட்டையைக் கழற்றி வீச வேண்டும். கேட்டு முடித்ததும் கீழேயிருந்து துண்டை வீசுவார்கள்.

காலையில் நான் எழுந்திருப்பதற்குள் அத்தை மாடுகளைப் பட்டியிலிருந்து அவிழ்த்து, வழுக்குப் பாறைக்கு மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தாள். நான் தனியாக ஏறினேன். சட்டையை எந்தக் கையால் வீசுவது என்றே யோசித்துக்கொண்டு, செவலையைப் பிரித்துத் தோளைத் தாண்டிப் பள்ளத்தில் இறக்கினேன். அது ஊற்றில் தண்ணீர் குடித்தது. தலையை நிமிர்த்தி, ஈயை விரட்டக் கழுத்தை உதறியது.

சத்தமே வரவில்லை.

கிட்டே போய் மணியைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே நாக்கு இல்லை. நாக்குத் தொங்குகிற வளையம் மட்டும் இருந்தது. எங்கோ புதரில் மாட்டி அறுந்து விழுந்திருக்கிறது, இன்றைக்குப் பார்த்தா! ஒரு கல்லை எடுத்துத் தட்டிப் பார்க்கலாம் என்று போனேன். செவலை கொம்பை ஆட்டி என்னைத் தள்ளிவிட்டது. கீழே ஊரே காத்துக்கொண்டு நிற்கிறது. வேறு வழி தெரியாமல் தோளில் ஏறிச் சட்டையைக் கழற்றி வீசினேன். தீக்குச்சிகளை நட்டு வைத்த மாதிரி வாசலில் ஆட்கள் தெரிந்தார்கள். யாரும் அசையவில்லை. ரொம்ப நேரம் கழித்து யாரோ துண்டை வீசினார்கள். அழுதுகொண்டே இறங்கினேன்.

அந்த நேரத்தில் வாசலில் நடந்ததை அப்பா பிற்பாடு எத்தனையோ தடவை, எத்தனையோ பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஊர்க்கவுண்டர் குரலில் ஊர்க்கவுண்டராகவும், மாமா குரலில் மாமாவாகவும் பேசிக் காட்டுவார்.

சட்டை தெரிந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்களாம்.

"எனக்கு ஒன்னும் கேக்கலீங்க" என்றார் கீழ்நாட்டுக்காரர்.

"எனக்கும் கேக்கல" என்றார் ஊர்க்கவுண்டர்.

மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்தபடி நின்றார்.

"எனக்குக் கேக்குது" என்றார்.

"ஏனுங்க, நல்ல காதோட இத்தனை பேரு நிக்கறோம். எங்களுக்குக் கேக்காதது உங்களுக்கு எப்படீங்க கேக்குது?" என்றார் கீழ்நாட்டுக்காரர்.

ஊர்க்கவுண்டர் அப்பாவைப் பார்த்தார். "குத்தகை பேசினப்போ யாரு காதுக்குன்னு பேச்சு?"

"அவரு காதுக்குத்தானுங்க."

"அப்போ அவன் காதுதான் எல்லை. ஆனா சும்மா சொல்லிப்போட்டுப் போகக் கூடாது." மாமாவுக்கு எதிரில் போய் நின்று, "அம்மன் கோயில் தெசையைப் பாத்துச் சொல்லு. கேக்குதா?" என்றார்.

"ஆங்?"

கூட்டம் சிரித்துவிட்டது. ஊர்க்கவுண்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை கத்தினார். மாமா சிரிக்கவில்லை. துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயில் இருக்கும் திசைக்குத் திரும்பி நின்றார்.

"கேக்குது. இந்தக் கோடை முச்சூடும் அது ஒன்னுதான் எனக்குக் கேக்குது."

கீழ்நாட்டுக்காரர் மாமாவைப் பார்த்தார். பலா மரத்தடியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தையைப் பார்த்தார். திரும்ப மாமாவைப் பார்த்தார். படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட சாமி! இதை நேத்தே சொல்லியிருந்தா இத்தனை பேரு வேலையைக் கெடுத்திருப்பனுங்களா?"

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரே சிரிப்பு. தோற்றுப்போன எங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் பெரிதாக அழுதேன். "அழுவாத கண்ணு, காடு அத்தைக்கேதான்" என்று அப்பா என்னைத் தூக்கினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பொய் சொல்ல மாட்டான் என்று நம்பி அனுப்பியிருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"அப்பா, அந்த மணியில..."

எங்கிருந்தோ வந்த அத்தை என் வாயில் ஒரு முழுப் பலாச்சுளையைத் திணித்தாள். "புள்ளைக்குப் பசி" என்றாள் கூட்டத்திடம்.

கீழ்நாட்டுக்காரரின் மாடுகளை ஊர்க்கவுண்டர் அப்படியே விட்டுவிடவில்லை. குண்டூர் நாட்டில் தன் மச்சானுக்குப் புல்லுக்காடு இருக்கிறது என்று ஆள் சேர்த்து அனுப்பினார். கிளம்பும்வரை ஒருநாள் அவர் மாடுகள் ஊற்றில் தண்ணீர் குடிக்கட்டும் என்று அத்தையே சொல்லிவிட்டாள். போகும்போது மாமா அவருக்கு ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் ஏற்றிவிட்டார். "நீங்க காதை நல்லாப் பாத்துக்கோங்க" என்று அவர் சிரித்துக்கொண்டே போனார்.

மாடுகளை ஓட்டி வர அத்தையோடு திரும்ப மலையேறும்போதுதான் என் வாய் காலியானது.

"அத்தே, செவலை மணியில நாக்கு இல்ல. எங்கியோ விழுந்துருச்சு."

அத்தை நடந்துகொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே மணியின் நாக்கு இருந்தது.

"எப்பக் கழட்டுனே?"

"ஆச்சு, நாலஞ்சு நாளு."

"அப்ப அத்தனை நாளும் மாமா கேட்டுது கேட்டுதுன்னு..."

"ஆமா."

"இன்னைக்காவது மாட்டியிருக்கலாமே அத்தே! மாடெல்லாம் போயிருக்குமே!"

"மணி அடிச்சிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

"என்ன தெரியும்?"

ஊற்றுக்குப் போனதும் அத்தை செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நாக்கை வளையத்தில் கோத்து, கயிற்றை இறுக்கி முடிந்தாள். ஒரு முறை ஆட்டிப் பார்த்தாள். பள்ளம் முழுவதும் கணகணவென்று கேட்டது.

அந்த ஏழு மாடுகளுக்காகத்தான் அவள் வெயில், முள், அட்டைக்கடி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு அந்தக் கோடையைத் தள்ளியிருந்தாள். அவற்றை மொத்தமாகப் பணயம் வைத்து என்னவோ ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அத்தனை துணிச்சலை அதற்குப் பிறகு நான் படித்த எந்தப் பாடத்திலும், பார்த்த எந்த மனிதரிடமும் கண்டதில்லை. அன்று அதையெல்லாம் நினைக்க எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கு வெயிலில் புத்தி கொஞ்சம் கலங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். என் கவலை முழுவதும் விஞ்ஞானத்தைப் பற்றி. அம்மன் திசையைப் பார்த்துச் சொன்னவர் பொய் சொல்லியிருக்க முடியாது. மணியிலோ நாக்கு இல்லை. லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதும், நாக்கு இல்லாத மணியின் ஒலி சிலர் காதுக்கு மட்டும் கேட்குமா என்று அறிவியல் வாத்தியாரிடம் கேட்டேன். அந்தப் பாடவேளை முழுவதும் பெஞ்சுமேல் நிற்க வைத்தார்.

மழை பிடித்த பிறகு மாடுகள் அத்தைக்கே என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதை, காலாண்டு லீவுக்குக் கூட்டிப்போக வந்த அப்பா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடிதம் எழுதி எனக்குச் செய்தி சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதத் தெரியாதே. எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் விடுதியில் இருந்தேன். அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழி முழுவதும் நான்தான் பேசினேன்.

வீட்டு வாசல் வெறிச்சென்று இருந்தது. அத்தையும் இல்லை, மாடும் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் சாமை முழங்கால் உயரம் வளர்ந்திருந்ததால் பட்டியும் இல்லை. அங்கேயே உற்றுப் பார்த்தேன். மாமா வீட்டை ஒட்டிப் புதிதாக ஒரு மாட்டுக் கொட்டாய் போட்டிருந்தது. அதில் ஏழு மாடுகளும் வரிசையாகக் கட்டியிருந்தன.

"அப்பா, குத்தகை என்ன ஆச்சு?"

"குத்தகையா? அது முடிஞ்சு போச்சு கண்ணு. இனி எதுக்குக் குத்தகை?"

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மழைவரை காத்திருந்துவிட்டு, குத்தகைக்கு ஈடாக மாடுகளை மாமா பிடித்து வைத்துக்கொண்டார். பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் ஓடையைத் தாண்டி ஓடி, அவர் வாசலில் நின்று, உறுதிமொழி சொல்கிற என் குரல் முழுவதையும் திரட்டிக் கத்தினேன்.

"மாமா! எங்க அத்தை மாட்டை அவுத்து வுடுங்க!"

மாமா வாசற்படியில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து அழகாகச் சிரித்தார்.

"ஆங்?"

வீட்டுக்குள்ளிருந்து அத்தை வந்தாள். கை முழுவதும் கேழ்வரகு மாவு. பலா மரத்தடிக்குப் போகாமல் நேராக வாசற்படிக்கே வந்து, மாமாவின் தோளைத் தொட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"உங்க மருமவன் சண்டைக்கு வந்திருக்கறான். மாட்டை அவுக்கோணுமாம்."

"அவுத்தா போச்சு" என்றார் மாமா. "மொதல்ல சாப்புடச் சொல்லு."

அவள் கத்தவே இல்லை. அவருக்குக் கேட்டுவிட்டது. நடுவில் நான் நிற்கிறேன், என்னை ஒருவரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை. மாடும் போய், அத்தையும் போய், கடைசியில் என் வேலையும் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர்கள் இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, நான் அந்த வாசலில் நின்று ஓவென்று அழுதேன். சாப்பிட வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். என்னை யாரும் சமாதானப்படுத்தவில்லை. கொட்டாயில் செவலை மட்டும் வைக்கோலை இழுப்பதை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.